யாரும் கேட்காத முடிச்சு

காந்தி மார்க்கெட்டில் தக்காளி விற்கிற அம்மாவுக்கு என் பெயர் தெரியாது. "பச்சக்கூடை அக்கா" என்பார். கூட்டத்தில் என் தலை தெரிகிறதோ இல்லையோ, கூடை தெரிந்துவிடும்போல. கரும்பச்சை உடம்பு, இரண்டு பக்கமும் சிவப்பில் சிவன் கண் முடிச்சு, இரண்டு நிறமும் கலந்த கைப்பிடி. நானே பின்னியது. திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எண்பதுகளில். கைப்பிடியை மட்டும் இடையில் மாற்றியிருக்கிறேன். மற்றபடி அன்று போட்ட முடிச்சு எதுவும் அவிழவில்லை.

அது டிரங்க் கால் காலம். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆர்டினரி, அர்ஜென்ட், எல்லாவற்றுக்கும் மேலே லைட்னிங். பலகை முன்னால் காதில் ஹெட்செட்டோடு நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். நைட் டூட்டியில் நடுவே கொஞ்சம் ஓய்வு உண்டு. ஓய்வறையில் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் கூடை பின்னுவார்கள். எனக்கு வேறு இடத்தில் தூக்கம் வராது. மணப்பாறையிலிருந்து வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு சீனியர் அக்கா, "சும்மா முழிச்சுக்கிட்டுக் கெடக்காம இதப் புடி" என்று வயர் நுனியைக் கையில் திணித்தார். கற்றுக்கொண்டது இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பு இருந்தது, சங்கிலித் தையல், காஜா எல்லாம் துண்டுத் துணியில் தைத்து நோட்டில் ஒட்டி மார்க்கும் வாங்கினேன். அந்த நோட்டு போன இடம் தெரியவில்லை. கூடை இன்னமும் கத்தரிக்காய் சுமக்கிறது.

வயர் கூடையைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் இருக்காது. ஆனால் அது எப்படி உருவாகிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது, மிஷினில் செய்வது என்று நினைப்பவர்களும் உண்டு. மிஷின் கிடையாது, ஊசி கிடையாது, சட்டம் கிடையாது. வயர், கத்தரிக்கோல், இரண்டு கை. அளவெடுத்து வெட்டிய வயர்களை ஒவ்வொன்றாகச் சரிபாதியாக மடித்துக்கொள்ள வேண்டும். வெட்டாத ஒரு நீள வயர் தனியாக இருக்கும், அதை ரன்னிங் வயர் என்போம். ரன்னிங் வயரில் ஒரு வளையம், மடித்த வயரில் ஒரு வளையம், ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து இறுகும்போது சின்னச் சதுரமாக ஒரு முடிச்சு விழும். அதுதான் சாதா முடிச்சு. முதல் வரிசை முடிந்ததும் அடுத்த வரிசை, அதற்கடுத்தது. அடிப்பாகம் நீள்சதுரமாக வளரும். வேண்டிய அகலம் வந்ததும் நாலு பக்கமும் வயர்கள் தொங்கும், அவற்றை மேலே நிமிர்த்திவிட்டு, ரன்னிங் வயரைச் சுற்றிச் சுற்றி ஓட்டினால் சுவர் எழும்பும். உயரம் போதுமென்றால் நுனிகளை உள்பக்கம் மடக்கி, கீழே இருக்கிற முடிச்சுகளுக்கு அடியில் சொருக வேண்டும். கடைசியில் கைப்பிடி. தரையில் தேயாமல் இருக்க அடியில் புஷ் வைப்பதும் உண்டு.

நல்ல கை எது என்று கண்டுபிடிக்க வெளிப்பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை. கூடையைக் கவிழ்த்து உள்ளே விரலை விட்டுத் தடவ வேண்டும். சொருகிய நுனி விரலைக் கீறினால் அவசரக்காரி பின்னியது. வயர் முறுக்கிக்கொண்டிருந்தால் கவனம் வேறெங்கோ இருந்தவள். இழுப்பு ஒரே சீராக இல்லையென்றால் கூடை ஒரு பக்கம் சாயும், தரையில் வைத்ததுமே தெரிந்துவிடும். மணப்பாறை அக்கா என் முதல் அடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் அவிழ்த்துக் கையில் கொடுத்தார்.

சாதா முடிச்சில் பழகிய பிறகுதான் வேடிக்கை ஆரம்பம். நெல்லிக்காய் முடிச்சு புடைத்துக்கொண்டு நிற்கும், கூடை முழுக்கக் காய்த்தது போலிருக்கும். பிஸ்கட் முடிச்சு இருக்கிறது. சிவன் கண் இருக்கிறது. இந்தப் பெயர்களை எந்த நிறுவனமும் வைத்ததாகத் தெரியவில்லை, எந்தப் பாடப்புத்தகத்திலிருந்தும் வந்ததாகவும் தெரியவில்லை. திண்ணையிலும் ஓய்வறையிலும் ரயிலிலும் உட்கார்ந்து பின்னிய பெண்கள், பார்த்ததைச் சொல்லி வைத்த பெயர்கள். யார் முதலில் கண்டுபிடித்தார்கள் என்பதற்கு ரெக்கார்டு இல்லை.

இங்கேதான் நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஐந்து கிலோ காய் சுமக்கச் சாதா முடிச்சே தாராளம். சிவன் கண் போட்டால் வயர் அதிகம் பிடிக்கும், நேரம் அதிகம் பிடிக்கும், எண்ணிக்கை தப்பினால் கோபம் வரும். கத்தரிக்காய்க்கு அது தெரியப்போவதில்லை. யாரும் கேட்கவில்லை. இருந்தும் போடுகிறோம். கலை என்று பெரிய வார்த்தையாகச் சொல்கிறார்களே, நம் வீடுகளில் அது தங்குகிற இடம், தேவைக்கு மேல் யாரும் கேட்காமல் செய்கிற அந்தக் கொஞ்சம்தான் என்று எனக்குப் படுகிறது. வேலையை முடித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து செய்வது இல்லை அது. வேலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

நான் தனியாக இருப்பவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அதற்குப் பெரிய கதை எதுவும் இல்லை. உறையூரில் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறேன். 2020 ஜனவரி 31 அன்று பி.எஸ்.என்.எல்.லில் விருப்ப ஓய்வு பெற்று நாடு முழுவதும் 78,000 பேருக்கும் மேல் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. வேலையும் இல்லை, வெளியே போகவும் வழியில்லை.

தனியாக இருப்பதில் ஆபத்து தனிமை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அது பெரிய தொந்தரவாக இருந்ததில்லை. தொந்தரவு வேறு. எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டே போகலாம் என்ற சுகம். ஒருத்திக்கு எதற்குக் குழம்பு, ரசம் போதும். ரசத்துக்கு எதற்குத் தாளிப்பு. சாப்பிட எதற்குத் தட்டு, சட்டியிலேயே பிசைந்துகொள்ளலாம். யாரும் வரப்போவதில்லை, எதற்கு விரிப்பு மாற்ற வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தோன்றும். இப்படியே நியாயமாகப் போய்க்கொண்டிருந்தால் ஒருநாள் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, லைட்டைக்கூடப் போடாமல் படுத்துவிடுவோம். ஊரடங்கின்போது நான் அந்தப் பாதையில் கொஞ்ச தூரம் போயிருந்தேன். பரணில் மிச்சமாகக் கிடந்த வயர் ரோல்களை எடுத்ததும் அப்போதுதான்.

கோலமும் இதே கதைதான். மாடிப் போர்ஷனுக்கு வாசல் கிடையாது. படி முடிகிற இடத்தில் கதவுக்கு முன்னால் இரண்டு ஆள் நெருக்கி நிற்கிற அளவு சிமென்ட் தரை. தெருவாசலில் கீழ்வீட்டம்மா கோலம் போடுவார், மார்கழியில் தெருவையே அடைத்துப் போடுவார். நான் என் சிமென்ட் துண்டில் போடுகிறேன். பால் பாக்கெட் போடுகிற பையனும், மாதம் ஒருமுறை சிலிண்டர்காரரும் தவிரப் பார்க்க ஆளில்லை. "மேல போட்டு என்னக்கா பிரயோஜனம், யாரு பாக்குறாங்க?" என்று கீழ்வீட்டம்மாவே கேட்டிருக்கிறார். "நான் பாக்குறேனே" என்றேன். கொஞ்சம் திமிராகத்தான் இருந்தது பதில். இருக்கட்டும்.

இடம் சிறியது என்பதால் பெரிய கோலத்துக்கு வழியில்லை. 15 புள்ளி வைத்து, இடுக்குப் புள்ளியாக 8 வரை இறக்கினால் அழகான அறுகோணக் கோலம் வரும், ஆனால் என் தரையில் பாதி படியில் விழும். அதனால் நேர்ப்புள்ளியில் 5 வைத்து இரண்டு இரண்டாகக் குறைத்து 1-இல் முடிக்கிறேன். மொத்தம் 13 புள்ளி. அதற்குள் சிக்குக் கோலம். புள்ளியைத் தொடாமல் வளைந்து வளைந்து போகிற கோடு, எல்லாப் புள்ளியையும் சுற்றிவிட்டு எடுத்த இடத்துக்கே வந்து சேர வேண்டும். சில கோலங்களில் ஒரே கோட்டில் முடியும், சிலவற்றில் இரண்டு, மூன்று கோடுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும். ஒரே ஒரு இடத்தில் வளைவை மாற்றினாலும் கணக்கே மாறிவிடலாம். ஒரு கோடு இரண்டாகலாம், இரண்டு ஒன்றாகலாம். 13 புள்ளிக்குள் இவ்வளவு ஒளிந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்ததே இடம் குறைந்த பிறகுதான்.

இது கணக்குதான் என்று படித்தவர்களும் கண்டிருக்கிறார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-இல் கோலத்தை வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். சின்னச் சின்ன வளைவுகளை எழுத்துகளாக எடுத்துக்கொண்டு, எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வரலாம் என்று விதிகளை வகுத்தால், அந்த இலக்கணத்தை வைத்தே கோலத்தைப் பெரிதாக்கிக்கொண்டு போகலாம் என்று காட்டினார்கள். கணினி அறிவியலில் படங்களுக்கான இலக்கணம் என்று ஒரு துறையே உண்டு, அதில் நம் வாசல் கோலம் இன்றும் பேசப்படும் உதாரணம். பிற்பாடு அமெரிக்கக் கணிதவியலாளர் மார்சியா ஆஷரும் இதைப் பற்றி எழுதினார். காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து, குனிந்த நிலையிலேயே இத்தனையையும் மனசுக்குள் நடத்தி முடித்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போகிற பெண்களை நினைத்துப் பார்க்கிறேன். அவர்களில் எத்தனை பேரிடம் "உனக்குக் கணக்கு வராது" என்று சொல்லியிருப்பார்கள்!

ஒரு சின்ன உறுத்தல். கோலம் எறும்புக்கு உணவு என்று பெருமையாகச் சொல்கிறோம். அரிசி மாவில் போட்டால் சரி. கடையில் வாங்கும் வெள்ளைப் பொடி கல்லை அரைத்தது, எறும்பு அதை மோந்துகூடப் பார்க்காது. நான் இரண்டையும் கலக்கிறேன். அரிசி மாவு மட்டும் என்றால் விரலிடுக்கில் சீராக விழ மறுக்கிறது, கல்பொடி மட்டும் என்றால் எறும்புக்குத் துரோகம்.

கைவேலை, கலை என்று இரண்டாகப் பிரித்து, ஒன்றைச் சமையலறையிலும் மற்றொன்றை அருங்காட்சியகத்திலும் வைத்தது சரியில்லை என்று வாழ்நாள் முழுக்க வாதாடியவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877-இல் பிறந்தவர், யாழ்ப்பாணத் தமிழரான முத்து குமாரசுவாமியின் மகன், தாய் ஆங்கிலேயர். நிலவியல் படித்துவிட்டு இலங்கையில் பாறைகளை ஆராயப் போனவருக்கு, ஊர் ஊராகச் சுற்றும்போது குயவர், தச்சர், பாய் பின்னுபவர்கள் வேலையில் மனம் போய்விட்டது. இடைக்காலச் சிங்களக் கலை பற்றி 1908-இல் அவர் வெளியிட்ட பெரிய புத்தகத்தைக் கையால் இயக்கும் அச்சுப்பொறியிலேயே அச்சிட்டார், அதுவும் இங்கிலாந்தின் வில்லியம் மாரிஸ் முன்பு பயன்படுத்திய அதே பொறி. கைவேலையைப் பற்றிய புத்தகமும் கைவேலையாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம். ஜப்பானில் யானாகி சோயெட்சு என்பவரும் ஏறக்குறைய இதே வழியில் வந்தார். பெயர் தெரியாத கைகள் அன்றாடப் புழக்கத்துக்குச் செய்த கிண்ணம், பானை, துணி இவற்றில்தான் அழகு என்று சொல்லி, 1936-இல் தோக்கியோவில் அதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்.

யானாகி மீது எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் கிண்ணத்தைக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டால் அதில் யார் கஞ்சி குடிப்பது? என் கூடையை யாராவது கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் தக்காளிக்காரம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியாமல் போய்விடும்.

"பிசினஸா பண்ணலாமே" என்று சொல்லாதவர்கள் குறைவு. அண்ணன் மகள் ஒரு படி மேலே போய், இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். விற்பது இழுக்கு என்பதால் இல்லை. கூடை பின்னி அடுப்பெரிக்கிற பெண்கள் இருக்கிறார்கள், கூடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறார்கள், விரல் தோல் உரிகிறது. அவர்களிடம் வாங்கும்போது தயவுசெய்து பேரம் பேசாதீர்கள், முடிச்சை எண்ணிப் பாருங்கள், பேச வாய் வராது. என் விஷயம் வேறு. எனக்குப் பென்ஷன் வருகிறது. விற்க ஆரம்பித்தால் வாங்குபவர் கேட்கிற நிறம், கேட்கிற முடிச்சு, கேட்கிற தேதி. யாரும் கேட்காததைச் செய்கிற உரிமைதான் எனக்கு மிச்சம் இருக்கிற சொத்து, அதை ஏன் விற்க வேண்டும்? கொடுப்பது உண்டு. வாங்கியவர்கள் அதில் செருப்பைப் போட்டு வைத்தாலும் கேட்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன். கேட்காமல் இருப்பதற்குக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருக்கிறது.

வயர் பிளாஸ்டிக்தானே என்று குத்திக் காட்டுகிறவர்களும் உண்டு. உண்மைதான், மக்காது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தது, 2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கமே தொடங்கியது. கேரிபேக் நம் ஊருக்கு வருவதற்கு முன்னால் மஞ்சப்பையும் வயர் கூடையும்தான் கடைக்குப் போய்வந்தன. மக்காத பொருளைக் கையில் எடுத்தால் அதை நாற்பது வருஷம் வைத்துக்கொள்கிற பொறுப்பும் சேர்ந்து வருகிறது என்று நினைக்கிறேன். ஒட்டுத்தாளை உரித்துவிட்டு மறந்துபோகிற பொருளுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. மக்குகிற வழி வேண்டுமென்பவர்களுக்குப் பனையோலை இருக்கிறது. செட்டிநாட்டில் கொட்டான் என்று ஓலையில் வண்ணம் ஏற்றிப் பின்னுவார்கள், கல்யாணச் சீரில் வைப்பார்கள். கைவிட்டுப்போக இருந்ததைச் சில பெண்கள் மீட்டெடுத்தார்கள், இப்போது அது புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. ஓலைக்குப் பதம் தெரிய வேண்டும், நான் அதற்குள் போகவில்லை.

மற்றபடி என் வீட்டில் பெரிதாக எதுவும் கிடையாது. கிழிந்த பருத்திப் புடவைகளைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, மூன்று கால் பின்னலாகப் பின்னி, சுருட்டித் தைத்த மிதியடிகள். அதில் ஒன்றில் மட்டும் அம்மாவின் சுங்குடிப் புடவைக் கரை வெளிச்சுற்றாக ஓடும், அதைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருக்கிறேன். கிழிந்த தலையணை உறையில் கிழிசலை மறைக்காமல், சிவப்பு நூலில் ஓட்டுத் தையல் போட்டேன். வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி, கரையிலிருந்தே நூல் உருவித் தைக்கிற காந்தா வேலைப்பாடு உலகப் புகழ்பெற்றது. என்னுடையது அந்தத் தரத்துக்கு வராது. படுக்கப் போகும்போது சிவப்பு கண்ணில் படும், அவ்வளவுதான். ரசத்துக்கு இப்போது தாளிக்கிறேன். கடுகு, மிளகாய், ஒரு ஈர்க்குக் கறிவேப்பிலை. தட்டிலும் சாப்பிடுகிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டொரு விஷயம். முதலிலேயே சிவன் கண்ணுக்குப் போகாதீர்கள், செல்போன் வைக்கிற சின்னப் பையாகச் சாதா முடிச்சில் ஒன்று பின்னுங்கள். நடுத்தரக் கூடைக்கு இரண்டு மூன்று ரோல் ஆகும், ஒரே கடையில் ஒரே நாளில் வாங்குங்கள், அடுத்த வாரம் போனால் அதே பச்சை கிடைக்காது. வயரை வெட்டும்போது கொஞ்சம் நீளமாகவே வெட்டுங்கள், மிஞ்சினால் நறுக்கிக்கொள்ளலாம், குறைந்தால் நடுவில் ஒட்டுப்போட்டது காலத்துக்கும் தெரியும். நிறத்தில் பயப்படாதீர்கள் என்று முன்பெல்லாம் சொல்வேன். இப்போது சொல்வதில்லை, காரணம் எதிர்வீட்டுப் பெண்.

ஏழாவது படிக்கிறாள். பள்ளி விட்டதும் என் படியில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். கை வேகம், எண்ணிக்கை தப்புவதே இல்லை. கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், உனக்குப் பிடித்த இரண்டு நிறம் எடுத்துக்கொள் என்றேன். வெள்ளையும் நீலமும் காட்டினேன், மஞ்சளும் பச்சையும் காட்டினேன். ஆரஞ்சும் ஊதாவும் எடுத்தாள். "கண்ணு கூசுதுடி, இத எவ தூக்கிட்டுப் போவா?" என்றேன். "நான் போவேன் அத்தை" என்றாள். கடைக்காரர் சிரித்துக்கொண்டே பில் போட்டுவிட்டார். இப்போது அடிப்பாகம் முடிந்து சுவர் எழும்புகிறது. நடுவில் ஒரு வரிசை வெள்ளை கொடுத்தால் கொஞ்சம் அடங்கும் என்று தினமும் சொல்லிப் பார்க்கிறேன். அவள் ஊதாவில் நெல்லிக்காய் போடப்போகிறாளாம், எப்படி என்று நாளைக்குள் சொல்லித்தர வேண்டுமாம்.